பழைய வில்லையும் புதிய கமராவும்

மாத்தளை மாவட்டத்திலே, தம்புள்ளைக்கு வடகிழக்கே, சுற்றுப்புறச் சமநிலத்தினின்றும் ஏறத்தாழ 180 மீற்றர் உயர்ந்து நிற்கும் சிகிரியாக் குன்றினை 1870–71 ஆம் ஆண்டுகளில் ஒளிப்படமெடுத்தவர் யோசேப்பு லோட்டன் என்னும் பிரித்தானியர். கண்டியிலே படப்பிடிப்பு நிலையம் நடத்திய அவரை இப்பணியில் அமர்த்தியது, தேசாதிபதி சேர் ஹேர்க்கியூலிஸ் றொபின்சன் 1868 இல் நிறுவிய தொல்பொருட் குழுவாகும். அநுராதபுரம், மிகிந்தலை, பொலநறுவை ஆகிய இடங்களையும் படமெடுத்த லோட்டன் 1872 இல் இறந்தார். அவருடைய படங்களோ இன்றும் வரலாற்றாசிரியர்க்குச் சான்றாய் நிற்கின்றன.

அக்காலத்துப் படப்பிடிப்பு எளியதொரு தொழிலன்று. 1851 இல் பிரெடெரிக் ஸ்கொட் ஆர்ச்சர் வெளியிட்ட ஈரத்தட்டு முறைப்படி, கண்ணாடித் தட்டிலே கொலோடியன் பூசி, வெள்ளி நைத்திரேற்றுக் கரைசலில் தோய்த்து, ஈரம் உலருமுன் படமெடுத்து, அவ்விடத்திலேயே இருட்டுக் கூடாரத்தினுள் துலக்குதல் வேண்டும். வில்லையின் துவாரத்தைச் சிறிதாக்குதற்கு 1858 இல் யோன் வாட்டர்ஹவுஸ் காட்டிய வழியே பெரிதும் கையாளப்பட்டது. வெவ்வேறு அளவான துளையிட்ட உலோகத் தகடுகளுள் வேண்டிய ஒன்றைத் தெரிந்து, வில்லைக் குழலின் பிளவிலே செருகுவர். தகடொன்று காட்டிலே தவறி விழுந்தால் அந்த அளவும் அதனோடு போயிற்று!

இக்குறையை நீக்கியது, கண்ணின் பாவைபோல் விரிந்து சுருங்கும் இதழ்த்திரை. அதனை இயக்கும் வளையத்திலே 2, 2.8, 4, 5.6, 8, 11, 16 என எண்கள் பொறிக்கப்பட்டன. வில்லையின் குவியத் தூரத்தைத் துவாரத்தின் விட்டத்தால் வகுக்க வருவதே இவ்வெண். 50 மில்லிமீற்றர் வில்லையில் 2 என்றால் விட்டம் 25 மில்லிமீற்றர். ஓர் எண்ணிலிருந்து அடுத்த பெரிய எண்ணுக்குச் செல்லுந்தோறும் புகும் ஒளி பாதியாகும். ஆகவே, சிகிரியாவின் உச்சியிலே நண்பகல் வெயிலில் 16 இல் நிற்கும் வளையத்தைத் தம்புள்ளைக் குகையின் இருளிலே 2 க்குத் திருப்பினால் 64 மடங்கு ஒளி உட்புகும். இக்கணக்கு வில்லையின் வயதைப் பொறுத்ததன்று. அறுபது ஆண்டுக்கு முந்திய வில்லையிலும் இன்றைய வில்லையிலும் ஒன்றே.

அங்ஙனமாயின் நல்ல வில்லைகள் பல ஏன் அலுமாரிகளில் முடங்கின? கண்ணாடி கெட்டமையாலன்று, கமராவின் வாய் மாறியமையாலேயே. நிக்கோன் நிறுவனம் 1959 இல் அமைத்த வாயைப் பின்னர் டிஜிட்டல் கமராக்களிலும் பேணிற்று. கனன் நிறுவனமோ 1987 இல் தன் பழைய எவ்.டி. வாயைக் கைவிட்டு, துவாரத்தை மின்னால் இயக்கும் ஈ.எவ். வாயைக் கொணர்ந்தது. பழைய வில்லை படத்தளத்திலிருந்து 42 மில்லிமீற்றரில் நிற்கவேண்டியது. புதிய கமராவின் வாயோ 44 மில்லிமீற்றர் தள்ளியிருந்தது. இடையிலே திருத்தக் கண்ணாடி ஒன்று வைத்தாலன்றித் தொலைவிலுள்ள பொருள் தெளியாது. இரண்டே மில்லிமீற்றர் வேறுபாடு, பலர் பொருள் கொடுத்து வாங்கிய வில்லைகளைப் பயனற்றவையாக்கியது. தானியங்குக் குவியத்துக்கு அம்மாற்றம் உதவியதென்பது உண்மையே. ஆயினும் இழப்பு முழுவதும் வாங்கியவர் தலையிலேயே விழுந்தது.

அவ்வில்லைகளுக்கு மறுவாழ்வு வந்ததோ எதிர்பாராத திசையிலிருந்து. 2008 முதல் உள்ளாடி நீக்கப்பட்ட கமராக்கள் விற்பனைக்கு வந்தன. ஆடிக்கு இடம் வேண்டாமையின் வாய் படத்தளத்தை நெருங்கியது. 2010 இல் வந்த சொனி ஈ வாயில் அத்தூரம் 18 மில்லிமீற்றரே. எஞ்சும் 24 மில்லிமீற்றரை வெறும் உலோக இடைவளையம் ஒன்று நிரப்ப, கனன் கைவிட்ட வில்லை வேறொருவர் கமராவிலே மீண்டும் கண் திறந்தது. துவாரத்தைச் சுருக்கினும் இக்கமராவின் மின்திரை காட்சியை ஒளிரச் செய்து காட்டும். வேண்டிய பகுதியைப் பெருப்பித்துங் காட்டும்.

பழையன யாவும் சிறந்தன என்பார் கூற்று ஏற்கத்தக்கதன்று. ஈரக்காற்றில் மூடிவைத்த வில்லையிலே பூஞ்சணம் படரும். மேற்பூச்சுக் குறைந்தவை சூரியனை எதிர்நோக்கின் வெளிறும். ஓடுவதைக் கையாற் குவித்தலும் அரிது. எனினும் அதற்கு மாற்று வழி அவ்வில்லையிலேயே பொறிக்கப்பட்டுள்ளது. மாத்தளை முத்துமாரியம்மன் ஆலயத்து மாசிமகத் தேர் வீதிவலம் வரும்போது, 28 மில்லிமீற்றர் வில்லையின் துவாரத்தை 11 இல் நிறுத்தி, தூரத்தை ஏறத்தாழ 2.4 மீற்றருக்கு வைத்தால், 35 மில்லிமீற்றர்ப் படச்சட்டத்தை ஒத்த கமராவிலே 1.2 மீற்றர் முதல் கண்ணுக்கெட்டிய தொலைவுவரை யாவும் தெளிவாய் அமையும். அதன்பின் குவிக்க ஒன்றுமில்லை. தேர் வருங்கால் விசையை அழுத்துவதே வேலை.

இத்தகைய பதிவு வீண்பொழுதுபோக்கன்று. 1896–97 இல் டி. ஏ. எல். பெரேரா குன்றின் பக்கத்திலே தொங்கி நின்று சிகிரியா ஓவியங்களைப் படியெடுத்தார். அப்படிகள் கொழும்பு நூதனசாலையைச் சேர்ந்தன. 1967 ஒக்டோபரில் விஷமிகள் மூல ஓவியங்கள்மேற் சாயம் பூசிக் கெடுத்தபோது, முன்னர் எடுத்த படிகளின் அருமை யாவர்க்கும் விளங்கிற்று. இன்று தொல்பொருட் சின்னமொன்றைப் படமெடுப்பார் ஒரு செய்தியை மனத்திற்கொள்ளல் நன்று. மின்தொடர்பில்லாத வில்லையின் வளையம் எவ்வெண்ணில் நின்றதெனக் கமரா அறியாது. படக்கோப்பிலே அவ்விடம் வெறுமையாகவே இருக்கும். நாளும் நேரமும் மூடியின் வேகமும் தாமே பதியும். துவார எண்ணை மட்டும் எடுத்தவரே பென்சிலால் எழுதிக்கொள்ளல் வேண்டும்.