பகிர்வு நினைவகமும் உள்ளிணைந்த வரைகலையும்

கணினித் திரைக்கென்று தனி நினைவகம் வைக்காமல், தாய்ப்பலகையில் செருகியிருக்கும் முதன்மை நினைவகத்தின் (ரேம்) ஒரு பகுதியைப் படம் காட்டவும் பயன்படுத்தும் முறை பகிர்வு நினைவகம் எனப்படும். இம்முறையில் இயங்கும் வரைகலைப் பகுதியே உள்ளிணைந்த வரைகலை. கணினியின் விலையைக் குறைத்து இராமநாதபுரம் போன்ற மாவட்டங்களின் பள்ளி மாணவர் வரை கொண்டு சேர்த்ததில் இதற்குப் பங்கு உண்டு. அதற்கான விலையை நினைவகம் கொடுத்தது.

1987-இல் ஐபிஎம் வெளியிட்ட விஜிஏ முறைக்கு 256 கிலோபைட் தனி நினைவகம் இருந்தது. தொண்ணூறுகளில் திரையின் நிறங்களும் நுணுக்கமும் கூடக்கூட, வரைகலை அட்டையின் நினைவகமும் அதன் விலையும் ஏறின. 1997-இல் சைரிக்ஸ் நிறுவனத்தின் மீடியாஜிஎக்ஸ் செயலி, மலிவான கணினிகளுக்காகப் பகிர்வு முறையைக் கையாண்டது. 1999-இல் இன்டெல் வெளியிட்ட 810 சில்லுத்தொகுதி அதைப் பரவலாக்கியது.

இதில் இழப்பது இடம் மட்டுமன்று. 1024 × 768 புள்ளிகள் கொண்ட திரையில் ஒரு புள்ளிக்கு 3 பைட் எனக் கொண்டால், ஒரு முழுப் படத்துக்கு 2.25 மெகாபைட் வேண்டும். இடத்தைப் பொறுத்தவரை இது சிறிதே. ஆனால் திரை நொடிக்கு 60 முறை புதுப்பிக்கப்படுவதால், நொடிக்கு 135 மெகாபைட் நினைவகத்திலிருந்து படிக்கப்படுகிறது. அக்காலத்துப் பிசி100 நினைவகத்தின் உச்ச வேகம் நொடிக்கு 800 மெகாபைட். அதாவது, பயனர் எதுவும் செய்யாமல் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தாலே நினைவகப் பாதையின் ஆறில் ஒரு பங்கு செலவாகிவிடும். செயலி அந்தப் பாதையில் காத்திருக்க நேரும். 810-இல் ஏஜிபி செருகுவாயும் இல்லை. பின்னாளில் நல்ல அட்டை வாங்கிப் பொருத்தலாம் என்று நினைத்தவர்களுக்கு வேகம் குறைந்த பிசிஐ வாய் மட்டுமே மிஞ்சியது. மறு ஆண்டு வந்த 815 இக்குறையை நீக்கியது.

எனினும் கடிதம் தட்டச்சிடவும், வரைபடமோ செய்தியோ பார்க்கவும் தனி அட்டை தேவைப்படவில்லை. இராமேசுவரம் தீவிலுள்ள தங்கச்சிமடத்தில், எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் இஸ்ரோவும் இணைந்து 2004-இல் செயற்கைக்கோள் தொடர்புடைய ஊர் வள மையத்தைத் தொடங்கின. மீனவர்கள் கணினித் திரையில் எதிர்பார்த்த தகவல்கள் எளிய வரைகலையால் காட்டக்கூடியவையே. முப்பரிமாண விளையாட்டுகளை வைத்தே உள்ளிணைந்த வரைகலையை மட்டமாகப் பேசியவர்கள் இந்தப் பயன்பாட்டைக் கணக்கில் எடுக்கவில்லை.

2010-இல் வரைகலைப் பகுதி தாய்ப்பலகையிலிருந்து செயலியின் உறைக்குள் நகர்ந்தது. 2011-இல் இன்டெலின் சாண்டி பிரிட்ஜ் செயலிகளில் ஒரே சில்லின் பகுதியானது. அதே ஆண்டு செப்டம்பர் 15 அன்று தமிழ்நாடு அரசு விலையில்லா மடிக்கணினித் திட்டத்தைத் தொடங்கியது. 2 ஜிபி நினைவகம் கொண்ட இத்தகைய கணினிகளில், பயன்படுத்தக்கூடிய நினைவகம் 2 ஜிபிக்குக் குறைவாகத் தெரிவது பலரைக் குழப்புவதுண்டு. இது பழுதன்று. தொடக்கத்திலேயே ஒரு பகுதியை பயாஸ் வரைகலைக்கு ஒதுக்கிவிடுகிறது. மேலும் தேவைப்படுவதை இயக்கி நிரல் அவ்வப்போது எடுத்துத் திருப்பித் தருகிறது.

ஆகவே இவ்வகைக் கணினிக்கு நினைவகம் கூட்டுவது வரைகலைக்கும் உதவும். இரட்டைத் தடமுள்ள தாய்ப்பலகையில் 8 ஜிபி ஒன்றைவிட 4 ஜிபி இரண்டைப் பொருத்தினால் பாதை இரட்டிப்பாகும். 2003-இன் 865ஜி சில்லுத்தொகுதியிலேயே இந்த வசதி வந்துவிட்டது. கடற்கரையில் ஒன்று கவனிக்க வேண்டும். பாம்பன் பாலத்தின் இரும்பை அரிக்கும் உப்புக்காற்று, செருகுவாய்களின் உலோகத் தொடுமுனைகளையும் விடாது. தனி அட்டை இல்லாததால் அரிபட ஒரு செருகுவாய் குறைவு. ஆனால் நினைவகத்தின் தொடுமுனை கெட்டால் திரையும் இருண்டுவிடும். மின்னிணைப்பைத் துண்டித்து, நினைவகத்தைக் கழற்றி, அதன் தொடுமுனைகளை மென்மையான அழிப்பானால் துடைத்து மீண்டும் செருகுவதே பழுதுபார்ப்பவர்கள் முதலில் செய்யும் வேலை.