வெளிறிய வளையங்கள்: சுழியோடிகளின் கைக்கடிகாரமும் சாயத்தின் ஆயுளும்

1950ஆம் ஆண்டுகள் முதல் 1980ஆம் ஆண்டுகள் வரை ஐரோப்பாவிலும் யப்பானிலும் செய்யப்பட்ட சுழியோடிகளின் கைக்கடிகாரங்கள் இன்று ஏல விற்பனைகளில் பெருவிலைக்குப் போகின்றன. அவற்றுள்ளும் முகப்பைச் சூழ்ந்த சுழல்வளையத்தின் கறுப்பு சாம்பலாகவும், நீலம் வான்நிறமாகவும், சிவப்பு இளஞ்சிவப்பாகவும் வெளிறியவற்றுக்கே மதிப்பு மிகுதி. இவ்வெளிறலைக் காலத்தின் கைவண்ணம் எனப் பலர் போற்றுவர். எனினும் பெட்டியினுள் நாற்பது ஆண்டு கிடந்த வளையம் பெரும்பாலும் நிறம் மாறுவதில்லை. அவ்வாறாயின் வெளிறல் எதற்குச் சான்று என்பதே ஈண்டு ஆராயத்தக்கது.

வளையம் அணிகலனாகத் தோன்றியதன்று. 1943இல் கூஸ்தோவும் கஞ்ஞானும் உருவாக்கிய சுவாசக் கருவி சுழியோடியைக் கயிற்றினின்றும் குழாயினின்றும் விடுவித்தது. ஆயின், முதுகிற் சுமந்த காற்று எவ்வளவு நேரத்துக்குப் போதும் என்ற கணக்கை அவனிடமே ஒப்படைத்தது. பிரெஞ்சுக் கடற்படையின் போர்ச் சுழியோடிகளான மலூபியேயும் ரிஃபோவும் இத்தேவைக்கேற்ற கடிகாரம் ஒன்றைத் தேடினர். தாமே சுழியோடியாக விளங்கிய பியெக்ரர் என்பாரின் தலைமையிலிருந்த பிளாங்பான் நிறுவனம் 1953இல் ‘ஃபிஃப்டி ஃபாதம்ஸ்’ கடிகாரத்தை வெளியிட்டது. ஐம்பது பாகம் என்பது அப்பெயரின் பொருள். ஏறத்தாழ 91 மீற்றர் ஆழம். ரோலெக்ஸ் நிறுவனத்தின் ‘சப்மரீனர்’ கடிகாரமும் அதே காலத்தது. நீரில் இறங்குமுன் வளையத்தின் குறியை நிமிடமுள்ளுக்கு நேரே நிறுத்தினால், கழிந்த நிமிடங்களை வளையத்திலேயே படித்தறியலாம். ஆதலின் கரிய தரையில் வெண்ணிற இலக்கம் தெளிவாகத் தெரிதல் உயிரோடு தொடர்புற்ற செய்தியாயிற்று. தரை சாம்பல் நிறமாகும்போது இலக்கம் அதனுட் கரைந்துவிடுகின்றது. இன்று அழகெனப் போற்றப்படும் வெளிறல் அன்றைய சுழியோடிக்குப் பழுதே.

பிளாங்பான் வளையத்தில் முதலில் பேக்கலைற்று பதிக்கப்பட்டது. அது பளபளப்பு மிக்கது; ஆனால் மோதினால் வெடிக்கும். மெல்லிய அலுமினிய வட்டு மலிவானது, இலேசானது, தேய்ந்தால் மாற்றத்தக்கது. பெரும்பாலான நிறுவனங்கள் அதனையே கைக்கொண்டன. அலுமினியத்தை உப்புநீரினின்று காக்கும் வழி ஏலவே கிடைத்திருந்தது. கடல்விமானங்களின் உறுப்புகள் அரிக்கப்படாதிருக்கும் பொருட்டு, உலோகத்தை அனோட்டாக வைத்து மின்பகுப்பினால் அதன்மேல் ஒட்சைட்டுப் படலத்தை வளர்க்கும் முறையொன்று 1923இல் பிரித்தானியாவில் வகுக்கப்பட்டது. அதில் குரோமிக்கமிலம் பயன்பட்டது. 1927இல் சல்பூரிக்கமில முறை தோன்றியது. பின்னைய முறையில் விளையும் படலம் நிறமற்றது, நுண்துளைகள் நிறைந்தது. சாயமேற்றுவோருக்கு வேண்டியதும் அதுவே.

சாயக் கரைசலில் அமிழ்த்தும்போது சாய மூலக்கூறுகள் அத்துளைகளிற் புகுந்து தங்குகின்றன. பின்னர் கொதிநீரில் இட்டால் ஒட்சைட்டு நீரேற்றமடைந்து பருத்துத் துளைவாயை அடைத்துவிடும். இச்செயல் நமக்கு முற்றிலும் புதியதன்று. மன்னாரிலும் யாழ்ப்பாணத்திலும் ஒல்லாந்தர் காலத்தில் அகழப்பட்ட சாயவேரின் செந்நிறத்தைத் துணியிற் பிணித்தது படிகாரம்; அதிலுள்ள அலுமினியமே அங்கும் சாயத்தைப் பற்றிக்கொண்டது. கடிகார வளையத்தின் நிறம் முழுவதும் மில்லிமீற்றரின் நூறிலொரு பங்கு அல்லது சற்றுக் கூடிய தடிப்பினுள்ளேயே அடங்கியுள்ளது என்பது மட்டும் நினைவிலிருத்தற்பாலது.

இச்சாயங்களுட் பல சேதனச் சேர்வைகள். ஒளியை உறிஞ்சுவதாலேயே அவற்றுக்கு நிறம் உண்டு. உறிஞ்சிய ஒளியாலேயே அவை அழியவும் செய்கின்றன. ஊதாக்கடந்த கதிரின் சக்தி நிறந்தரும் பிணைப்புகளைக் குலைக்க, ஒட்சிசன் அவ்வழிவை நிறைவேற்றுகின்றது. கறுப்பு பல சாயங்களின் கலவையாயின், அவற்றுள் ஒன்று முன்னதாகச் சிதைய, எஞ்சியது கபிலமாகவோ நீலமாகவோ வெளிப்படும். கொதிநீர் அடைப்புக் குறைவாயின் சாயம் கசிந்தும் போகலாம். உப்பும் குளோரீனும் உராய்வும் தம் பங்கைச் செய்யும். ஆழ்கடலில் வெயில் குறைவு. ஆகவே நிறத்தைத் தின்றது சுழியோடிய நேரத்தைவிடப் படகின் மேற்தட்டிலும் கரையிலும் கழிந்த நேரமே எனக் கொள்ளலாம். வளையம் வெயிலின் அளவைக் கூறும், ஆண்டின் அளவையன்று.

இவ்வேறுபாட்டை மறப்பதனால் விளையும் தீங்கு சிறிதன்று. பிரெஞ்சுக் கடற்படை 1970ஆம் ஆண்டுகளிற் பெற்ற ரியூடர் கடிகாரங்கள் பலவற்றின் பின்மூடியில் படையின் முதலெழுத்துக்களும் ஆண்டும் பொறிக்கப்பட்டுள்ளன. பொறிப்பு உலோகத்தில் நிலைத்தது. நீல வட்டோ கழற்றி மாற்றத்தக்கது. திருத்துநர்கள் வெளிறிய வட்டுகளை அகற்றிப் புதியன பதித்தது அக்கால வழமை. இன்றோ நிலை தலைகீழ். வெளிற்றும் திரவத்தில் தோய்த்தும் சூடேற்றியும் புதிய வட்டுகளைப் பழையனவாக்கும் தொழில் தழைத்துள்ளது. திருத்துநரின் செயலை நான் குறைகூறேன். கருவியைக் கருவியாக வைத்திருப்பதே அவர் கடமை. செயற்கையாக வெளிற்றுதல் அத்தகையதன்று. சாசனத்தில் எழுத்தைப் புதிதாக வெட்டிப் பழையதெனக் காட்டுவதற்கும் இதற்கும் வேறுபாடு காண்பது அரிது. ஒரு கடிகாரம் எங்கு, எவர் கையில் உழைத்தது என்று ஆராய்வோனுக்கு வெயில் விட்டுச்சென்ற தடயமும் இதனால் நம்பத்தகாததாகின்றது.

ரோலெக்ஸ் 2003இல் வெளியிட்ட பச்சை வளையச் சப்மரீனர் அலுமினிய வட்டினையே கொண்டிருந்தது. 2010இல் அதன் இடத்தைப் பீங்கான் வட்டு பெற்றது. அதன் நிறம் உயர்வெப்பத்திற் சுடப்பட்ட கனிமப் பொருளின் நிறம்; வெயிலில் வெளிறாது, கீறலும் எளிதில் விழாது, எனினும் வலிய அடியில் உடையும். இருந்தும் பழைய முறை ஒழிந்துவிடவில்லை. 2012இல் ரியூடர் நிறுவனம் தன் பழைய சுழியோடிக் கடிகாரங்களின் சாயலில் வெளியிட்ட ‘பிளாக் பே’யின் செம்மை கலந்த வளையத்தில் சாயமேற்றிய அலுமினியமே பதிக்கப்பட்டிருந்தது.