வார இறுதியில் வந்துபோனவர்

அமெரிக்காவின் அலபாமா மாநிலம், டல்லஸ் கவுண்டி. திருமதி ஸ்மித்துக்கு நான்கு பிள்ளைகள். விடிகாலை மூன்றரை மணியிலிருந்து நண்பகல் வரை சமையல்காரி, பரிமாறுபவர் என இரண்டு வேலையும் அவர்தான். வாரக் கூலி 16 முதல் 20 டாலர். அது போதாது என்பதால், தந்தையின் ஆதரவு இல்லாத பிள்ளைகளுக்கு அரசு தரும் உதவித்தொகையும் வந்துகொண்டிருந்தது. 1966 அக்டோபரில் அதை நிறுத்திவிட்டார்கள். காரணம்? வார இறுதிகளில் ஓர் ஆண் அவர் வீட்டுக்கு வந்துபோகிறாராம்.

அந்த ஆணுக்குத் தனிக் குடும்பம் இருந்தது: மனைவி, ஒன்பது பிள்ளைகள். ஸ்மித்தின் பிள்ளைகளுக்குச் சோறுபோட அவருக்கு வசதியும் இல்லை, சட்டப்படி கடமையும் இல்லை. ஆனால் 1964-இல் அலபாமா கொண்டுவந்த விதி அவரை 'மாற்றுத் தந்தை' ஆக்கியது. அவர் காசு ஏதாவது கொடுக்கிறாரா என்று அந்த விதி கேட்கவே இல்லை. நான் பிழைப்புக்கு கோட் எழுதுபவன். உள்ளே என்ன வருதுன்னு பார்க்காமலே பதிலை எழுதிவைத்த கோட் மாதிரிதான் இது எனக்குத் தெரிந்தது. விதி அமலான 1964 ஜூனிலிருந்து 1967 ஜனவரிக்குள் அலபாமாவில் உதவி பெற்ற குழந்தைகளின் எண்ணிக்கை சுமார் 16,000 குறைந்தது. அதாவது 22 சதவீதம்.

மாநிலம் இரண்டு நியாயங்கள் சொன்னது. ஒன்று, ஒழுக்கம். அதை விட்டுவிடலாம். இரண்டாவதைச் சுலபமாகத் தள்ள முடியாது: தாலி கட்டியவன் வீட்டில் இருந்தால் உதவி கிடையாது, கட்டாதவன் இருந்தால் மட்டும் உண்டா?

1968 ஜூன் 17 அன்று உச்ச நீதிமன்றம் ஒருமனதாகத் தீர்ப்பளித்தது. எழுதியவர் தலைமை நீதிபதி எர்ல் வாரன். அவர் பிடித்துக்கொண்ட கேள்வி எளிமையானது: பிள்ளைகளைக் காப்பாற்றும் சட்டக் கடமை இவருக்கு உண்டா? இல்லையென்றால் இவர் தந்தை இல்லை. தாயின் நடத்தைக்காகப் பிள்ளைகளின் சோற்றை நிறுத்தவும் முடியாது.

கதை இங்கே முடிந்திருந்தால் நல்லாத்தான் இருக்கும். ஆனால் அந்த நியாயம் வேறொரு நாட்டில் இன்றும் நடைமுறையில் இருக்கிறது. பிரிட்டனில் 'யூனிவர்சல் கிரெடிட்' வாங்கும் ஒரு பெண், வேலைக்குப் போகும் காதலனோடு ஒரே வீட்டில் சேர்ந்து வாழத் தொடங்கினால், இருவரும் கூட்டாகத்தான் விண்ணப்பிக்க வேண்டும். கல்யாணம் ஆகாவிட்டாலும் இதுதான் விதி. அவன் சம்பளம் கணக்கில் சேரும். கழிவு போக மிஞ்சும் ஒவ்வொரு பவுண்டுக்கும் உதவியில் 55 பென்ஸ் குறையும். இருவர் சேமிப்பும் சேர்ந்து 16,000 பவுண்டைத் தாண்டினால் பொதுவாக உதவியே கிடையாது. மிஞ்சும் தொகையும் வழக்கமாக ஒரே கணக்குக்குத்தான் போகும்.

இதிலும் நியாயம் இருக்கு. இருவர் சேர்ந்திருந்தால் வாடகை ஒன்றுதான். மணமானவர்களுக்கும் ஆகாதவர்களுக்கும் ஒரே அளவுகோல். ஆனால் இங்கிலாந்துச் சட்டப்படி, மணமாகாத துணையைப் பராமரிக்கும் கடமை அவனுக்கு இல்லை. பணம் தர மாட்டேன்னு அவன் சொன்னால் அவள் எந்த நீதிமன்றத்துக்கும் போக முடியாது. அரசோ அவன் கொடுத்துவிட்டதாகவே கணக்கு எழுதுகிறது.

நேற்றுவரை அவள் பெயரில் வந்த பணம் இன்று அவன் மனசைப் பொறுத்தது. பெட்டியைத் தூக்கிக்கொண்டு அந்த வீட்டுக்குள் நுழையும் முன் அவள் யோசிக்க வேண்டியது காதலை மட்டும் இல்லை. வாரன் கேட்ட கேள்வியை அவளுக்காக யாரும் கேட்கவில்லை.