வாவியும் மகியாவவும்

அம்பிட்டியவிலிருந்து இறங்கும் வீதி கண்டி வாவிக்கரையை அடைகிறது. வாவியை அமைத்த மன்னன் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கனை நம் மாணவர் அறிவர். நகரின் அழுக்கைச் சுமந்தோரை யார் அறிவர்?

கோப்பித் தோட்டங்களின் செல்வத்தால் கண்டி வளர்ந்தது. 1865இல் மாநகர சபை தோன்றிற்று. 1867இல் கொழும்பிலிருந்து புகையிரதம் வந்தது. வணிகம் பெருகிற்று, கழிவும் பெருகிற்று. அதனை அகற்றத் தென்னிந்தியாவிலிருந்து வந்த தமிழ்த் தொழிலாளருக்கோ மகியாவவில் நெருக்கமான குடியிருப்பே கிடைத்தது.

ஆலைகளால் பெருத்த நியூயோர்க்கிலும் தொழிலாளர் இவ்வாறே நெருக்குண்டனர். அந்த அவலத்தை ஜேக்கப் ரீஸ் 1890இல் நூலாக்கினார். 1901இல் வீடுகளுக்கு ஒளியும் காற்றும் வேண்டுமெனச் சட்டம் பிறந்தது. இங்கோ 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழரிற் பெரும்பாலோரை நாடற்றவராக்கிற்று. எஞ்சியோர்க்கு 2003இலேயே விடிந்தது. நாடற்றவன் எவரிடம் வீடு கேட்பான்?

வாவியின் வரலாற்றைப் போதிக்கும் நாம், மகியாவவின் வரலாற்றையும் போதித்தல் வேண்டும்.