வீட்டுக்குள்ளேயே உரம்: போடிமெட்டு குளிரிலும் காய்கறிக் கழிவு மட்குமா?

கேரளாவின் ஆலப்புழை நகரக் குப்பை பல ஆண்டுகளாக அருகிலுள்ள சர்வோதயபுரம் கிராமத்துக்கே போனது. 2012-ல் அந்த ஊர் மக்கள் குப்பை லாரிகளைத் தடுத்தார்கள். நகரத் தெருக்கள் நாறின. அதன்பிறகுதான் வீட்டிலேயே மட்கவைக்கும் பைப் கம்போஸ்ட், பயோகேஸ் கலன்கள் அங்கே பரவலாயின. 2017-ல் ஐ.நா. சுற்றுச்சூழல் அமைப்பு இதைப் பாராட்டியது.

ஃபிளாட்டில் எப்படிச் செய்வது?

ஓட்டை போட்ட மூடி வாளிகள் இரண்டு போதும். ஒரு பங்கு காய்கறிக் கழிவுக்கு இரண்டு பங்கு சருகு அல்லது தேங்காய் நார்த்தூள் போடுங்கள். ஒரு கைப்பிடி புளித்த மோர் அல்லது பழைய உரம் சேர்த்தால் சீக்கிரம் மட்கும். வாரம் இருமுறை கிளறிவிடுங்கள். ஒரு வாளி நிரம்பியதும் மூடி வைத்துவிட்டு அடுத்ததைத் தொடங்கலாம். மீன், இறைச்சி, எண்ணெய்ப் பண்டம் வேண்டாம்.

நாத்தம் வந்தால்?

ஈரம் அதிகம், காற்று போதவில்லை என்று அர்த்தம். கையில் எடுத்துப் பிழிந்தால் ஓரிரு சொட்டுக்கு மேல் வரக் கூடாது. வந்தால் சருகு சேர்த்துக் கிளறுங்கள்.

மலையில் இருப்பவர்கள்?

தேனி–இடுக்கி எல்லையிலுள்ள போடிமெட்டு போன்ற இடங்களில் குளிரால் நுண்ணுயிரிகளின் வேகம் குறையும். சமவெளியில் சுமார் 2 மாதத்தில் தயாராகும் உரத்துக்கு இங்கே 3 மாதம்கூட ஆகலாம். கழிவைப் பொடியாக நறுக்குங்கள்; வாளியைச் சாக்கால் சுற்றி, மழைச்சாரல் படாமல் வீட்டுக்குள் வையுங்கள்.

எப்போது பயன்படுத்தலாம்?

கறுத்து, உதிரியாகி, மண்வாசனை வந்ததும் சலித்து, மூன்று பங்கு மண்ணுக்கு ஒரு பங்கு கலந்து, ஜன்னலோரத் தொட்டியில் புதினாவோ வெந்தயக்கீரையோ வைக்கலாம்.