ஈயம் பழசுதான், எழுத்து?

இணைய ஏலத் தளங்களில் 'ரோமானிய ஆயுதம்' என்று தேடினால் கத்தி, ஈட்டிமுனை, அம்புமுனை என்று வரிசையாக வந்து விழும். வெறும் துருப்பிடித்த முனைக்கு ஒரு விலை. அதிலேயே நாலு லத்தீன் எழுத்து இருந்துவிட்டால் விலை எங்கேயோ போய்விடும். கூடவே ஒரு வரி இருக்கும்: 'பழைய ஐரோப்பியச் சேகரிப்பிலிருந்து'. யார் சேகரித்தது, எந்த ஊரில் கிடைத்தது, எந்த வருஷம், ஒண்ணும் இருக்காது.

இந்தக் கூட்டத்தில் எனக்குப் பிடித்தது கவண் குண்டுகள்தான். நம்ம ஊர் தினைப்புனத்துக் கவணில் கல் வைப்பார்கள் இல்லையா, ரோமானியப் படை அதே வேலைக்கு ஈயத்தை உருக்கி, எலுமிச்சம்பழத்தைச் சின்னதாக்கி இரண்டு பக்கமும் கூராக்கின மாதிரி குண்டு வார்த்தது. லத்தீனில் இதற்கு 'க்ளான்ஸ்' என்று பேர். ஓக் மரத்துக் கொட்டை என்று அர்த்தம். (இன்னொரு அர்த்தமும் உண்டு, உடலியல் புத்தகத்தில் பார்த்துக்கொள்ளவும். படைவீரர்கள் அதை வைத்து விளையாடாமல் விடவில்லை.)

இந்தக் குண்டுகளில் எழுதுவார்கள். கிமு 41-40 குளிர்காலத்தில் பெருசியா நகரத்தை, இன்றைய இத்தாலியின் பெருஜியாவை, ஆக்டேவியன் முற்றுகையிட்டான். உள்ளே மாட்ட நின்றது மார்க் ஆண்டனியின் தம்பி லூசியஸ். ஆண்டனியின் மனைவி ஃபுல்வியாவும் அவன் கட்சிதான். அங்கே கிடைத்த குண்டுகளைப் படித்தால் சிரிப்பு வரும். ஒன்று லூசியஸின் வழுக்கைத் தலையைக் கிண்டல் செய்கிறது. இன்னொன்று, 'பட்டினி கிடக்கிறாய், என்னிடம் மறைக்கிறாய்' என்கிற பொருளில் இருக்கிறது. ஃபுல்வியாவையும் ஆக்டேவியனையும் குறிவைத்து எழுதினதை இங்கே தட்டச்ச முடியாது :-) ரெண்டாயிரம் வருஷத்துக்கு முந்தைய கழிப்பறைச் சுவர் என்று வைத்துக்கொள்ளுங்கள். மற்றவை சாதாரணமாக இருக்கும். படைப்பிரிவின் எண், நூற்றுவர் தலைவன் பெயர், தளபதி பெயர், அவ்வளவுதான்.

விற்பனைக்கு வருகிறபோது சிக்கல் இங்கேதான் ஆரம்பிக்கிறது. எழுத்தில்லாத கவண் குண்டு ஏராளம். எழுத்துள்ளது குறைவு. ஆக, போலி செய்கிறவன் குண்டு செய்ய வேண்டியதே இல்லை. நிஜமான பழைய மொட்டைக் குண்டை வாங்கி, அதில் எழுதினால் போதும்.

இது இணையம் வந்தபிறகு பிறந்த புத்தி இல்லை. இத்தாலியில் அஸ்கோலி என்று ஒரு ஊர். பழைய பேர் அஸ்குலும். கிமு 90-89ல் ரோமை எதிர்த்த இத்தாலியக் கூட்டாளிகளின் போரில் அங்கே பெரிய முற்றுகை நடந்தது. ரோமானியத் தளபதி பொம்பெயுஸ் ஸ்த்ராபோவின் பெயரைச் சொல்லி 'இவனை அடி' என்று எழுதிய குண்டெல்லாம் உண்டு. 19ம் நூற்றாண்டில் அந்த வட்டாரத்திலிருந்து குண்டுகள் சந்தைக்கு வர ஆரம்பித்தன. வாங்க ஆள் இருக்கிறது என்று தெரிந்ததும் புதுப்புது வாசகங்களோடு வந்தன. எர்னஸ்ட் டெஜார்தான் என்கிற பிரெஞ்சு அறிஞர் 1870களில் ஒரு பெரிய தொகுதியை நம்பிப் பதிப்பித்தார். ஜெர்மானியர்கள் மறுத்தார்கள். பெரிய சண்டை. கடைசியில் கார்ல் ட்ஸாங்கமைஸ்டர் 1885ல் லத்தீன் எழுத்துள்ள குண்டுகளையெல்லாம் தொகுத்து, அசல் வேறு போலி வேறு என்று பிரித்துப் போட்டார். போலிகளில் பலவற்றில் ஈயம் அசல்தான். எழுத்துதான் புதுசு.

நம்ம தொழில் பாஷையில் சொன்னால், ஃபைல் உருவான தேதி சரியாக இருக்கிறது, உள்ளே கடைசி வரியை மட்டும் நேற்று எவனோ எடிட் செய்திருக்கிறான்.

அப்போ எப்படிப் பார்ப்பது? முதலில் எழுத்து மேடா பள்ளமா என்று பாருங்கள். அசலில் பெரும்பாலானவை புடைப்பு எழுத்துகள். இரண்டு பாதியாக இருக்கும் அச்சுக்குள் எழுத்தைத் திருப்பிச் செதுக்கிவிட்டு ஈயத்தை ஊற்றுவார்கள். காசில் இருப்பது போல எழுத்து மேலே எழும்பி நிற்கும், இரண்டு பாதி சேர்ந்த ஒட்டுவரி பக்கவாட்டில் ஓடும். மொட்டைக் குண்டில் பின்னால் எழுதுகிறவனால் புடைப்பு எழுத்தைச் சுலபமாகக் கொண்டுவர முடியாது, கீறத்தான் முடியும். அசலிலும் கீறியதும் முத்திரை குத்தியதும் உண்டு. அதனால் கீறல் என்றாலே போலி என்று சொல்லிவிடக் கூடாது. மண்ணில் கிடந்த ஈயத்தின்மேல் வெள்ளையாக, சாம்பலாக ஒரு தோல் படிந்திருக்கும். அந்தத் தோல் பள்ளத்துக்குள்ளும் தொடர்கிறதா, இல்லை கீறல் அதை வெட்டிக்கொண்டு போகிறதா என்பதுதான் கேள்வி. (கையில் எடுத்தால் மறக்காமல் சோப்பு போட்டுக் கழுவுங்கள். அந்த வெள்ளை விஷம்.)

முழுசாகப் புதுசாக வார்ப்பதும் நடக்கிறது. ஒரு அசலை வைத்து அச்சு எடுத்துவிட்டால் புடைப்பு எழுத்தும் வந்துவிடும். இங்கே ஒரு நுணுக்கம் உண்டு. இரண்டு குண்டில் எழுத்து அச்சு அசலாக ஒரே மாதிரி இருப்பது சந்தேகத்துக்குரியது அல்ல, ரோமானியனே ஒரே அச்சில் நிறைய ஊற்றினான். ஆனால் ஒரே நசுங்கல், ஒரே காயம் இரண்டிலும் இருந்தால் கதை முடிந்தது. காயம் ஒவ்வொரு குண்டுக்கும் தனித்தனியாகத்தான் பட்டிருக்க வேண்டும்.

சோதனைக்கூடத்தில் கொடுத்தால் தெரியாதா என்று கேட்கலாம். பாதி தெரியும். உருக்கிப் பிரித்த ஈயத்தில் ஈயம்-210 என்ற கதிரியக்க வகை கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருக்கும். அதன் அரைவாழ்வு சுமார் 22 வருஷம். சில நூற்றாண்டு ஆனால் அநேகமாக ஒன்றும் மிஞ்சாது. இதனால்தான் இத்தாலிய இயற்பியலாளர்களுக்கு ரோமானிய ஈயம் என்றால் உயிர். சார்டினியா கடலில் மூழ்கிய ஒரு ரோமானியக் கப்பலின் ஈயப் பாளங்களில் 120ஐ 2010ல் வாங்கி, தங்கள் நுண்துகள் ஆய்வுக்குக் கவசமாக்கினார்கள். பாளத்தில் பெயர் பொறித்த பகுதியை மட்டும் வெட்டி எடுத்துப் பாதுகாத்துவிட்டு மீதியை உருக்கினார்கள். அதாவது ஈயத்தையும் எழுத்தையும் தனித்தனியாகப் பிரித்தே விட்டார்கள்! நம்ம விஷயத்தில் அந்தச் சோதனை 'ஈயம் பழசு' என்று மட்டும்தான் சொல்லும். பழைய மொட்டைக் குண்டில் கீறினவனும், பழைய ஈயத்தை உருக்கி மறுபடி வார்த்தவனும் சிரித்துக்கொண்டே பாஸாகி விடுவார்கள்.

கத்திகள் வேறு ரகம். இரும்பு மண்ணில் செதில் செதிலாக உரிந்துபோகிற சாமான். அதன்மேல் பளிச்சென்று 'பத்தாவது லீஜியன்' என்று செதுக்கியிருந்தால் சினிமா பார்த்துவிட்டு வந்தவன் வேலை என்றே நினைப்பேன். நிஜ வீரன் தன் சாமானில் எழுதியது பெரும்பாலும் ஹாஸ்டல் வாளியில் நாம் பேர் எழுதுவது போலத்தான். இங்கிலாந்தில் டைன் ஆற்றில் கிடைத்து, இப்போது பிரிட்டிஷ் மியூசியத்தில் இருக்கும் கேடயக் குமிழில் புள்ளி புள்ளியாகக் குத்திய ஒரு பெயர் இருக்கிறது: யூலியஸ் மாக்னுஸின் நூற்றுவர் அணியைச் சேர்ந்த யூனியஸ் துபிதாதுஸ். துபிதாதுஸ் என்றால் 'சந்தேகிக்கப்பட்டவன்' என்று பொருள். இந்தப் பதிவுக்கென்றே பெயர் வைத்த மாதிரி இருக்கிறது!

இதெல்லாம் பார்த்து, அசல் என்றே முடிவாகிறது என்று வைத்துக்கொள்வோம். எனக்கு உறுத்துவது அதற்குப் பிறகுதான்.

சந்தையில் அடிக்கடி தட்டுப்படும் ஒரு வகையில் ஒரு பக்கம் 'சிஎன் மாக்', மறுபக்கம் 'ஐஎம்பி' என்று இருக்கும். தளபதி க்னேயஸ் பொம்பெயுஸ் மாக்னுஸ். சீசரோடு மோதிய பெரிய பொம்பெயுஸின் மூத்த மகன். கிமு 45 மார்ச்சில் தெற்கு ஸ்பெயினில் முண்டா என்ற இடத்தில் சீசரிடம் தோற்று, கொஞ்ச நாளில் கொல்லப்பட்டவன். சீசரின் கடைசிப் பெரிய போர் அது. ஆனால் முண்டா எங்கே இருந்தது என்று அறிஞர்கள் இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை. மோந்தியா பக்கம் என்கிறவர்களும் உண்டு, ஓசுனா பக்கம் என்கிறவர்களும் உண்டு. இந்த வாதத்தில் முக்கியமான சாட்சி இந்தக் குண்டுகள்தான். எந்த வயலில் எத்தனை கிடைத்தன, எந்தப் பக்கம் பார்த்து விழுந்தன என்பதுதான் வரைபடம். ஓசுனாவில் 1903ல் தோண்டிய பிரெஞ்சுக்காரர்களுக்கு இவன் பெயருள்ள குண்டுகள் கிடைத்தன. இடம் தெரியும், அதனால் அவை பேசுகின்றன. மோந்தியா வட்டாரத்தில் கிடைத்து 2022ல் வெளியான குண்டு ஒன்றில் ஒரு பக்கம் சீசரின் பெயர்ச் சுருக்கம், மறுபக்கம் 'இப்ஸ்கா' என்ற உள்ளூர் நகரத்தின் பெயர். அந்த ஊர் சீசர் பக்கம் நின்றது என்பதற்குச் சாட்சி என்கிறார்கள். அதே குண்டு 'பழைய ஐரோப்பியச் சேகரிப்பு' என்று ஏலத்துக்கு வந்திருந்தால், போலி என்று ஒதுக்கியிருப்பார்கள். எனக்கும் அதுதான் தோன்றியிருக்கும்.

ஸ்பெயினில் 1985ம் வருஷச் சட்டப்படி மண்ணிலிருந்து வரும் தொல்பொருள் பொதுச்சொத்து. அதற்குப் பிறகு தோண்டி எடுத்து விற்கிறவன் ஊர்ப்பெயரைச் சொன்னால் மாட்டிக்கொள்வான். அதனால் சொல்ல மாட்டான், அல்லது வேறு ஊரைச் சொல்வான். போலி விற்கிறவனுக்கும் ஊர் கிடையாது. விற்பனைப் பக்கத்தில் இருவரும் எழுதுவது ஒரே வரி. மெட்டல் டிடெக்டரோடு ராத்திரியில் போனவன் தோண்டின குழி மட்டும் அந்த ஆலிவ் தோப்பில் இருக்கும், அதையும் அடுத்த உழவில் டிராக்டர் மூடிவிடும்.