ஸ்காட்ச் விஸ்கி: புகையும் வரியும் வடித்த சுவை

ஸ்காட்லாந்து அரசின் 1494-95ஆம் ஆண்டுக் கணக்கேட்டில் ஒரு பதிவு உண்டு. மன்னர் நான்காம் ஜேம்ஸின் ஆணைப்படி, 'அக்வா விட்டே' வடிப்பதற்காகத் துறவி ஜான் கோருக்கு எட்டு 'போல்' அளவு மால்ட் தரப்பட்டது என்பதே அது. உயிர்நீர் என்னும் பொருள்கொண்ட அந்த லத்தீன் தொடரைக் கேலிக் மொழி 'உஷ்க பாஹ' என்றாக்கிக்கொண்டது. விஸ்கி என்பது அதன் தேய்ந்த வடிவம். ஆக, ஸ்காட்ச் விஸ்கி குறித்து நமக்குக் கிடைக்கும் மிகப் பழைய எழுத்துச் சான்று ஒரு கணக்குப்பிள்ளையின் குறிப்புதான். அதன் பிந்தைய வரலாற்றிலும் கணக்குப்பிள்ளை அகலவில்லை.

பார்லியை ஊறவைத்துத் தரையில் பரப்பி முளைக்கவிடுவார்கள். மாவுச்சத்தைச் சர்க்கரையாக்கும் நொதிகள் முளையில் பிறக்கின்றன. பிறகு சூடேற்றி முளையின் வளர்ச்சியை நிறுத்த வேண்டும். மரம் அரிதான ஐலா போன்ற தீவுகளில் எரிப்பதற்குக் கிடைத்தது பீட், அதாவது சதுப்பில் பல்லாயிரம் ஆண்டுகளாகப் பாசியும் புல்லும் மக்கிப் படிந்த கரிய மண். அதன் புகை தானியத்தில் ஏறியது. லாஃப்ராய்க், லகவூலின் விஸ்கிகளில் மருந்து நெடி என்றும் கடற்காற்று என்றும் சுவைஞர்கள் வியப்பது, விறகில்லாத ஊரின் அடுப்புப் புகையைத்தான். பின்னர் செம்பு வாலையில் இருமுறை வடித்து, முன்னும் பின்னும் வருவதை ஒதுக்கி, நடுப்பகுதியை மட்டும் எடுப்பார்கள்.

1644இல் ஸ்காட்லாந்துப் பாராளுமன்றம் இதற்கு வரி விதித்தது. அடுத்த இரண்டு நூற்றாண்டுகளில் மலைப்பள்ளத்தாக்குகள் கள்ள வாலைகளால் நிறைந்தன. 1823ஆம் ஆண்டுச் சட்டம் வரியைக் குறைத்து, 10 பவுண்டுக்கு உரிமம் வழங்கியது. மறு ஆண்டே கிளென்லிவெட்டில் உரிமம் பெற்ற ஜார்ஜ் ஸ்மித், பழைய கள்ளச்சாராயக் கூட்டத்துக்கு அஞ்சி இரண்டு கைத்துப்பாக்கிகளுடன் நடமாடினார். 1830இல் தொடர்வடிப்பு வாலைக்குக் காப்புரிமை பெற்று மலிவான தானிய விஸ்கிக்கும் கலவை விஸ்கிக்கும் வழிதிறந்த ஈனியஸ் காஃபியோ, முன்னாள் கலால் அதிகாரி!

இன்னொரு முரணும் உண்டு. இன்று ஸ்காட்ச் எனப்படுவது ஓக் பீப்பாயில் குறைந்தது மூன்றாண்டுகள் உறங்க வேண்டும். ஷெர்ரியோ அமெரிக்க போர்பனோ முன்பு குடியிருந்த பீப்பாய், உலர்பழ மணத்தையும் வனிலாவையும் அதற்கு ஈகிறது. ஆண்டுக்கு ஏறத்தாழ இரண்டு விழுக்காடு காற்றில் கரைகிறது. அதைத் 'தேவதைகளின் பங்கு' என்கிறார்கள். ஆனால் முதிர்வைக் கட்டாயமாக்கியது சுவைஞர் எவருமல்லர். முதல் உலகப்போரின்போது குடியை ஒடுக்க முனைந்த லாயிட் ஜார்ஜின் காலத்தில், 1915இல் வந்த சட்டமே அதைச் செய்தது.

தரையில் பரப்பிய பார்லியை இரவும் பகலும் மரத்துடுப்பால் புரட்டியவர்களுக்குத் தோள் இறுகி, கை தொங்கிப்போகும். அந்த நோய்க்கு அவர்கள் இட்ட பெயர் 'குரங்குத் தோள்'. இன்று பெரும்பாலான வடிசாலைகள் மால்ட்டைப் பெரிய ஆலைகளிலிருந்தே வாங்குகின்றன. தனக்கு வேண்டிய மால்ட் முழுவதையும் தன் தரையிலேயே முளைக்கவைக்கும் கேம்பெல்டவுனின் ஸ்பிரிங்பேங்க் போன்றவை அரிது. கைப்பாடு குறைந்ததற்காக நாம் வருந்த வேண்டியதில்லை. ஆனால் புட்டியின் மேல் 'மரபு' என்ற சொல்லைக் காணும்போது, விறகில்லாத அடுப்பையும் வரிக்கு ஒளிந்த வாலையையும் போலவே அந்தத் தோளையும் நாம் நினைத்துக்கொள்ளலாம்.